ஆறாம் வீட்டுக் கேதம்

“கேதத்துக்கு யாராச்சும் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுவாகளா மேடம்?” என்று ஆண்டிச்சாமி கேட்டார்.

“கூப்பிடச் சொல்லலங்கய்யா. அம்மாவுக்கு என்னதான் வேணும்னு கேட்டேன்.”

“அதத்தான் சொல்றேன். ஊர்ல ஒருத்தர் எங்க வாசலுக்கு வந்து எங்க வீட்டு எழவுக்கும் கேதம் கேக்கணும். ஒருத்தர் போதும். அது நடந்துட்டா அவ எந்திரிச்சு அந்த அஞ்சு வீட்டுக்கும் போயிருவா. நடக்காம அவ அடுத்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. வாயத் தொறந்து கேக்கவும் முடியாது. கேட்டு வாங்குறதா கேதம்?”

“நான் வேணா அவங்ககிட்ட எடுத்துச் சொல்லட்டுமா?”

“நீங்க சொல்லி வந்தா அது கேதமா? ஆபீஸ் விசாரணைல்ல.”

இந்தப் பேச்சு நடந்து இரண்டு மாதமாகிவிட்டது. திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறி, பெரிய பஸ் ஸ்டாண்டில் மாறி, திருவரங்குளம் தாண்டி கருவேலவிடுதிக்கு வந்து இறங்கும்வரை ஜனனியின் காதில் அது ஓடிக்கொண்டே இருக்கும். அன்று ஆண்டிச்சாமி தைலமரம் உரிக்கும் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். தூக்குவாளியில் பழைய சோறு. அதற்கு மேல் ஒரு சின்ன வெங்காயத்தைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். அதைச் சரிபார்த்துக்கொண்டே பேசினார், யார் வீட்டு விஷயத்தையோ சொல்வதுபோல.

நடந்தது போன ஆவணியில். மது எடுப்புத் திருவிழா. வீட்டுக்கு ஒரு பெண் குடத்தில் விதைநெல் நிரப்பி, மேலே தென்னம்பாளை சொருகி, தலையில் தூக்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்கு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆண்டிச்சாமியின் ஒரே மகன் அருண்குமார் சரக்கு வேன் ஓட்டுகிறவன். முந்தின நாள் கோயில் கூட்டத்தில் யார் முன்னால் நிற்பது என்று தொடங்கிய வாய்ச்சண்டையில் நாலு பேர் அவனை எல்லாருக்கும் எதிரில் கன்னத்தில் அறைந்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவன் வேனை அந்த வரிசைக்குள் விட்டான். பிரேக் பிடிக்கவில்லை என்று அவனுடைய தாயே சொல்ல முடியாதபடிக்கு நேராக விட்டான். நான்கு பெண்களும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றும் செத்துப்போனார்கள். பதினேழு பேருக்குக் கை கால் போனது. அவனை அறைந்த நாலு பேரில் ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அன்று சாயங்காலமே தைலமரக் காட்டுக்குள் அவனையும் பிணமாகத்தான் எடுத்தார்கள். போலீஸ் உடலைக் கொடுத்தபோது ஊருக்குக் கொண்டுவர வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். டவுன் சுடுகாட்டிலேயே எரித்தார்கள். ஆண்டிச்சாமியோடு அவருடைய மச்சினன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் மனைவி முத்துமாரியம்மாள் வீட்டில் இருந்தாள்.

அதற்குப் பிறகு அரசாங்கத்திலிருந்து ஆறுதல் சொல்ல அனுப்பிய குழுவில் மிஞ்சியது ஜனனி மட்டும்தான். மற்றவர்கள் முதல் மாதத்தோடு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு வயது இருபத்தேழு. மனநல ஆலோசகர் என்று அடையாள அட்டையில் இருந்தது. ஊரில் அதைப் படித்தவர்கள் ‘மெண்டல் டாக்டர் வந்திருக்கு’ என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். சமுதாயக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபமான முகம் அச்சடித்த தாள்களை வைத்துக்கொண்டு அவள் நாலு வாரம் காத்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. ஒரு ஆடு மட்டும் வந்து அழுகிற முகத்தைத் தின்றது.

அவளுக்கு ஒதுக்கியிருந்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் கேதம் கேட்கிற நாட்கள் இல்லை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் ஒரு செவ்வாய்க்கிழமைதான் முத்துமாரியம்மாள் வீட்டுக்குப் போனாள். வாங்க என்று அந்த அம்மாள் கூப்பிடாததை வெறுப்பு என்று நினைத்துக்கொண்டாள். இழவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லமாட்டார்கள். வந்தவர்களும் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போக வேண்டும். ஜனனி ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் கொஞ்சம் அழுது, எழுந்தபோது நல்ல பிள்ளையாகப் “போயிட்டு வாரேம்மா” என்றாள். முத்துமாரியம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது.

“இந்த மாதிரி வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாது தாயி. இன்னொரு சாவுக்கு வாரேன்னு சொன்ன மாதிரி.”

ஜனனிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அந்த அம்மாளே பரவாயில்லை, டவுன்ல இதெல்லாம் எங்க சொல்லிக் குடுக்குறாக என்று அவளைத் தேற்றி அனுப்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யார் யாருக்கு ஆறுதல் சொல்லப் போனது என்று ஜனனிக்கு உறைத்தது.

கேதத்தின் கணக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஊரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைப் பெண்கள். தன் வீட்டுச் சாவுக்கு இன்னும் யாரும் வந்து கேட்காத நிலையில் ஒருத்தி அடுத்த வீட்டுச் சாவுக்குப் போகக் கூடாது. துக்கத்தைத் துக்கத்தோடு கொண்டுபோய் முட்டவிடுவது அந்த வீட்டுக்கு ஆகாது. ஒரே நாளில் ஐந்து வீட்டில் சாவு விழுந்தபோது இந்தக் கணக்கில் அந்த ஐந்து வீடும் மாட்டிக்கொண்டன. கடைசியில் ஊருணிக்கரையில் சாவு விழாத ஒரு வீட்டிலிருந்து பெண்கள் கிளம்பி ஐந்து வாசலுக்கும் போனார்கள். அதன் பிறகுதான் ஐந்து வீட்டுக்காரர்களும் ஒருத்தர் வாசலுக்கு ஒருத்தர் போய்க் கட்டிக்கொண்டு அழ முடிந்தது. மூன்று நாள் ஆனது. ஐந்தாவது வீட்டிலிருந்து திரும்பும் வழியில்தான் ஆண்டிச்சாமி வீடு. எல்லாரும் அதைத் தாண்டிப் போனார்கள். உள்ளே முத்துமாரியம்மாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வெளுத்த சேலை கட்டி, கதவைத் திறந்துவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் வந்ததும் போனதும் அவளுக்குக் கேட்டது.

அதிலிருந்து ஊரில் கேதம் கேட்கப் போகிற நாட்களான புதன், சனி இரண்டு நாளும் அவள் அப்படித்தான் உட்காருகிறாள். ஆண்டிச்சாமி வேலைக்குப் போகுமுன் சோறு வடித்து, ஒரு கருவாட்டைச் சுட்டுவைத்து, “தின்னுடி” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது பாதி சோறு இருக்கும். சரி, பாதி போயிருக்கிறதே என்று அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வார். மகனைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை. அவனுடைய சட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவை கொடியிலேயே கிடந்தன.

ஜனனி நாளைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். நாற்காலிகளை விட்டாள். முந்திரிக் கொட்டகைக்குப் போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கொட்டகை வயிரவனுடையது. திருமயம் பக்கத்து மனிதர். கொட்டையை வாங்கிவந்து இங்கே வறுத்து உடைத்துப் பருப்பாக்கி டவுன் கடைகளுக்குப் போடுகிறவர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊருக்குள் சரக்கு வேன் எதையும் விடுவதில்லை. பின்பக்கம் எடுக்கும்போது வருகிற அந்தப் பீப் சத்தம் கேட்டால் பிள்ளைகள் மூத்திரம் போய்விடுகின்றன. அதனால் மெயின் ரோட்டில் மூட்டையை இறக்கி மொபெட்டில் ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறார்கள்.

கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கொட்டையைக் கல்லில் நிறுத்தி, கட்டையால் ஒரே தட்டு. மேல்தோடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக விழ வேண்டும். ஜனனி தட்டினால் நொறுங்கும். சாம்பல் போதாமல் தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டு முதல் வாரமே அவள் விரல் நுனிகள் கொப்பளித்துத் தோல் உரிந்தன. டாக்டரம்மா கையை டாக்டர்ட்டக் காட்டுங்க என்று சிரித்தார்கள். அவள் கொண்டுவந்த லெமன் சாதத்தைப் பார்த்து இதைத் தின்னுட்டா இம்புட்டு தூரம் வாரீங்க என்று மொச்சைக் குழம்பை அதன் மேல் ஊற்றினார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கொட்டையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். ஒருத்தி தூக்கம் வராததைச் சொன்னாள். ஒருத்தி தன் குடம் கீழே விழுந்து நெல் சிதறினதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பிள்ளையைப் பற்றி அவள் ஒரு தடவையும் சொல்லவில்லை. ஜனனி எதற்கும் பதில் சொல்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள். அதுவே போதும்போல இருந்தது.

பிரகதாம்பாள் மட்டும் பேசாமல் இருந்தாள். ஊரில் அவள் பெரகதம். அவளுடைய மகள் ரஞ்சிதா, காலேஜில் பி.காம். இரண்டாம் வருஷம், செத்தவர்களில் ஒருத்தி. அன்று அம்மாவுக்குக் கால்வலி என்று குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டவள். பிரகதாம்பாளின் புருஷன் குழந்தைசாமி அதற்குப் பிறகு வீட்டில் தங்குவதில்லை, வயலில் வேலை இருக்கிறதோ இல்லையோ அங்கேயே கிடக்கிறார். நீங்களும் ஏதாவது பேசுங்களேன் என்று ஜனனி ஒருநாள் மெல்லக் கேட்டாள்.

“என்னத்தப் பேச பாப்பா. வர்றவக எல்லாம் கட்டிக்கிட்டு அழுதுட்டு எந்திரிச்சுப் போயிர்றாக. நான் ஒரு ஆளு எத்தன பேரோட அழுகுறது. அலுத்துப்போச்சு.”

சொல்லிவிட்டு அவள் பத்து கொட்டையை விடாமல் தட்டினாள். பத்தும் முழுசாக விழுந்தன.

மாசி பிறந்ததும் வறுவல் பிரச்சினை முற்றியது. துளைத் தகரச் சட்டியில் கொட்டையைப் போட்டுத் தீ மூட்டினால், தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்து சட்டியே பற்றிக்கொள்ளும். கரும்புகை எழும். எந்த நொடியில் சட்டியைக் கவிழ்த்து மண்ணையும் தண்ணீரையும் தெளித்து அணைக்கிறோமோ அதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் பருப்பு பச்சை. கொஞ்சம் பிந்தினால் கரி. கருவேலவிடுதியில் இருபது வருஷமாக அந்த நொடி முத்துமாரியம்மாளுக்குத்தான் தெரியும். அவள் வராமல் போனதிலிருந்து ஆள் மாற்றி ஆள் வறுத்தார்கள். பாதி கருகியது. ஒரு புதன்கிழமை பிரகதாம்பாள் தானே சட்டிக்குப் போனாள். எண்ணெய் தெறித்து முழங்கை வரை வெந்துபோனது. கொப்பளத்துக்கு வாழைச்சாறு பூசிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது வயிரவன் வந்தார்.

அவர் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தார். டவுன்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்புவது, மூன்று தலைமுறையாகச் செய்கிற தொழில், இப்படியே போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டு மெட்ராசிலிருக்கும் பையனிடம் போக வேண்டியதுதான் என்று புலம்பிவிட்டு, மூட்டையை அந்த வீட்டுக் கொல்லையில் இறக்கினால் என்ன, வறுத்து மட்டும் கொடுக்கட்டும், யாரும் போகவும் வேண்டாம், பேசவும் வேண்டாம், ஆண்டிச்சாமி சைக்கிளில் கொண்டுவந்து போடட்டும் என்று முடித்தார்.

கட்டைச் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் பிரகதாம்பாளைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள். அவ கை பட்ட கொட்டையை நாங்க தொடமாட்டோம் என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்கு உரியவளுக்குச் சம்பவத்தில் ஒரு இழப்பும் இல்லை.

“தொடாட்டிப் போ,” என்றாள் பிரகதாம்பாள். “வறுத்தா வறுக்கட்டும். எனக்குக் கை எரியுது.”

அப்படித்தான் அது நடந்தது. நல்ல மனசு என்று ஜனனி தன் நோட்டில் எழுதப் போய், எழுதாமல் மூடினாள். அது நல்ல மனசு இல்லை, வெறும் அலுப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த ஊரில் இனி எது நடந்தாலும் இந்த அலுப்பின் வழியாகத்தான் நடக்கும் என்றும் தோன்றியது. அவளுக்கே அலுத்திருந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இரு, ஜாதகம் பார்க்கலாம் என்று அம்மா வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு கொட்டகைக்கு வந்த கொட்டைகள் பழையபடி தங்க நிறத்தில் உடைந்தன. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டிச்சாமி சைக்கிளைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். சட்டி ஏற்றுகிற நாட்களில் அவள் ஒரு வாய் கூடுதலாகத் தின்கிறாள் என்று அவர் ஜனனியிடம் சொன்னார். ஆனாலும் புதனும் சனியும் மத்தியானத்துக்கு மேல் அடுப்பை அணைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முன்வாசல் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுகிறாளாம். ஒருதரம் தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாளாம். எங்கடி போனே என்று கேட்டதற்குச் சும்மா என்றாளாம்.

பங்குனி முதல் வாரம் ஆண்டிச்சாமிக்குப் பொன்னமராவதிப் பக்கம் மரம் உரிக்கிற வேலை வந்தது. பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். முதல் ஏழு நாளுக்கு வேண்டியதைப் போவதற்கு முன்பே கொண்டுவந்து போட்டுவிட்டார். எட்டாம் நாள் புதன்கிழமை. காலை பத்து மணிக்கெல்லாம் கொட்டகையில் கொட்டை தீர்ந்துபோனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயிரவனுக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. ஒருத்தி போய் வாங்கிவரட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், யாரும் எழவில்லை. ஒருத்திக்குக் காலில் முள், ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்.

பிரகதாம்பாள் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு எழுந்தாள். ஜனனியும் எழுந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அவர்கள் தெரு வழியாகப் போகவில்லை. பிரகதாம்பாள் வாய்க்கால் ஓரமாக நடந்து, வேலிகளுக்குப் பின்னாலிருந்த ஒற்றையடிப் பாதையில் ஆண்டிச்சாமி வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து, மூங்கில் படலுக்கு வெளியே நின்றாள். உள்ளே சட்டி பற்றி எரிந்துகொண்டிருந்தது. புகைக்கு நடுவே முத்துமாரியம்மாள் நீளக் கம்பியால் கிண்டிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்துவிட்டாள். கம்பி ஒரு கணம் நின்றது. ஆனால் அந்த நேரத்தில் சட்டியை விட முடியாது. மறுபடி கிண்டினாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் இருந்தாள். பிறகு ஒரே வீச்சில் சட்டியைக் கவிழ்த்து மண்ணை அள்ளிப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். உஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பி மூன்று பேரையும் மூடியது. மூன்று பேரும் இருமினார்கள்.

புகை கலைந்தபோது முத்துமாரியம்மாள் காலையில் வறுத்துக் குவித்திருந்த கொட்டைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு இளைத்திருப்பாள் என்று பிரகதாம்பாள் நினைக்கவில்லை போலிருக்கிறது. பார்வையைத் திருப்பி வேலியிலிருந்த ஓணானைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்புவரை இந்தப் படலைத் திறக்க அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருஷம் முத்துமாரியம்மாள் வறுத்ததை அவள் உடைத்திருக்கிறாள். அக்கா அக்கா என்று வாய் ஓயாது. இப்போது அந்த முறையைச் சொல்லிக் கூப்பிட அவள் வாய் எழவில்லை.

முத்துமாரியம்மாள் சாக்கைப் படல் வரை இழுத்துவந்து இந்தப் பக்கம் தள்ளினாள்.

“கீழ இருக்கறது சூடா இருக்கும். கொட்டி ஆறவிட்டுத் தட்டணும்,” என்றாள், யாருக்கென்றில்லாமல்.

“தெரியும்,” என்றாள் பிரகதாம்பாள்.

பிறகு இரண்டு பேரும் நின்றார்கள். ஜனனிக்குப் படித்ததெல்லாம் நெஞ்சுக்குள் முட்டியது. சொல்ல வேண்டிய சரியான வாக்கியம் ஒன்று எங்கோ இருக்கிறது என்றும், அதைத் தான் சொன்னால் இரண்டு பேரும் கலைந்து போய்விடுவார்கள் என்றும் அவளுக்குத் தெரிந்தது. கொப்பளம் காய்ந்த விரல்களை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

முத்துமாரியம்மாளின் கண் பிரகதாம்பாளின் முழங்கைக்குப் போனது. வெந்த தோல் ஆறி இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

“சட்டியக் கவுக்குறப்ப காத்துக்கு எதிர்ல நின்னியா?”

“ஆமா.”

“அப்படி நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே.”

“சொன்னே. யாரு நெனப்புல வச்சா.” பிரகதாம்பாள் குனிந்து சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். சாக்கைத் தூக்கிவிடச் சொல்லி ஜனனியைப் பார்த்தாள். ஜனனி ஒரு பக்கம் பிடித்தாள். தனியாகத் தூக்க முடியவில்லை. முத்துமாரியம்மாள் படலுக்கு மேலாகக் கையை நீட்டி மறுபக்கம் பிடித்தாள். சாக்கு பிரகதாம்பாள் தலைக்கு ஏறியது. அவள் கழுத்தை நேராக்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்பி இரண்டு எட்டு வைத்தாள்.

“பெரகதம்.”

அவள் நின்றாள். தலையில் சுமை இருந்ததால் திரும்பவில்லை.

முத்துமாரியம்மாள் இரண்டு கையாலும் படலைப் பிடித்துக்கொண்டாள். சாம்பல் பூசிய விரல்கள் மூங்கிலோடு மூங்கிலாக இருந்தன. ஒருத்தரும் கேட்டு வாங்காத ஒன்றை, கேட்கவே கூடாத ஒன்றை, எப்படிக் கேட்பதென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேலையாளிடம் சொல்வதுபோல் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“ஒரே ஒரு தடவை முன்வாசலுக்கு வந்துட்டுப் போத்தா. உள்ள வர வேணாம், உக்கார வேணாம். அவனுக்காக நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேணாம், அவனத் திட்டணும்னாலும் திட்டிட்டுப் போ. நீ வந்து நின்னாத்தான் நான் ஒன் வாசலுக்கு வர முடியும். நான் ரஞ்சிதாவுக்கு அழுகணும் பெரகதம்.”